டெஸ்க்டாப்புக்கு டீஃபால்ட் கவர்னர் பெர்ஃபார்மன்ஸ்: ஏன் கூடாது?

பூட்லோடர்:
வீட்டு டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் 6.12 கர்னலை நானே கம்பைல் செய்கிறேன். மெனுகான்ஃபிக் என்ற கர்னல் அமைப்பு மெனுவில் சிபியு ஃப்ரீக்வென்சி ஸ்கேலிங் பக்கத்துக்குப் போய், சிபியு எந்த வேகத்தில் ஓடலாம் என்று முடிவு செய்யும் கவர்னர்களில் எப்போதும் உச்ச வேகம் கேட்கும் பெர்ஃபார்மன்ஸை டீஃபால்ட்டாக வைத்தாயிற்று. ஆன்டிமாண்ட், கன்சர்வேடிவ், யூசர்ஸ்பேஸ் என்ற மற்ற மூன்று கவர்னர்களையும் தூக்கிவிட்டேன். காரணம் ரொம்ப எளிது. லேப்டாப்புக்கு பேட்டரிக் கவலை உண்டு, சுவரில் செருகிய பெட்டிக்கு அது இல்லை. வேலை இல்லாத கோர் எப்படியும் தூங்கத்தான் போகிறது. வேலை வந்தால் முழு வேகத்தில் முடித்துவிட்டு மறுபடி தூங்கட்டும். இதில் நடுவே உட்கார்ந்து "இப்போது எத்தனை மெகாஹெர்ட்ஸ் கொடுக்கலாம்" என்று ஊகிக்க ஒரு கவர்னர் எதற்கு? டிஸ்ட்ரோக்கள் எல்லாம் ஏன் இதையே டீஃபால்ட்டாகத் தருவதில்லை என்று கேட்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

மின்கணக்கு:
சிக்னலில் நிற்கும்போதும் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருப்பேன் என்கிறீர்கள்.

பூட்லோடர்:
இல்லையே ப்ரோ. சிக்னலில் நின்றதும் இன்ஜினே அணைந்துவிடுகிறது, அதைத்தானே சொல்கிறேன். சி1 என்ற லேசான தூக்க நிலைக்குப் போன கோருக்கு கிளாக் நின்றுவிடும். அதைவிட ஆழமான சி6-க்குப் போனால் அந்தக் கோருக்கு வரும் மின்சாரமே துண்டிக்கப்படும். தூங்கும் கோருக்கு நீங்கள் 800 மெகாஹெர்ட்ஸ் கேட்டாலும் 5 கிகாஹெர்ட்ஸ் கேட்டாலும் ஒன்றுதான்.

மின்கணக்கு:
முழுசாகத் தூங்கும் கோரைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. முழுசாக ஓடும் கோரைப் பற்றியும் இல்லை. கர்னல் கம்பைல் ஓடும்போது எந்தக் கவர்னரும் உச்சத்துக்குத்தான் போகும். பிரச்சினை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. டெஸ்க்டாப்பின் பெரும்பாலான நேரம் அங்கேதான் கழிகிறது.

பிரவுசரில் வீடியோ ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 60 முறை கோர் விழிக்கும், கொஞ்சம் வேலை செய்யும், படுக்கும். அந்தக் கொஞ்ச வேலையை எந்த வேகத்தில் செய்தாலும் வேலையின் அளவு ஒன்றுதான். செலவு ஒன்றல்ல. டிரான்சிஸ்டர் மாறுவதற்கு ஆகும் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும், அதுவும் டர்போவின் (வழக்கமான வேகத்துக்கும் மேலே போகும் நிலை) கடைசிப் படிகளில் கண்டபடி ஏறும். கணக்குக்காக 0.8 வோல்ட்டிலிருந்து 1.2 வோல்ட்டுக்குப் போவதாக வைத்தால் ஒன்றரை மடங்கு வோல்ட், அதே வேலைக்கு 2.25 மடங்கு சக்தி. வேலை சீக்கிரம் முடிகிறது, சரி. முடிந்து என்ன செய்யப் போகிறது? அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திருக்கும். இரண்டு மணி நேரப் படம் முழு வேகத்தில் டிகோட் செய்தாலும் இரண்டு மணி நேரம்தான் ஓடும்.

"ஓடி முடித்துவிட்டுத் தூங்கு" வாதத்தில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. கோர் விழித்திருக்கும் நேரமெல்லாம் கசிவு மின்சாரம் போகும், சிப்பின் மற்ற பகுதிகளும் விழித்திருக்கும். அதனால் மிகக் குறைந்த வேகத்தில் இழுத்துக்கொண்டிருப்பதும் நஷ்டம். ஆனால் அந்த லாபம் ஒரு நடு வேகம் வரைக்கும்தான். உச்ச டர்போ அந்த எல்லையைத் தாண்டி வெகு தூரத்தில் இருக்கிறது.

தாமதம்_வேண்டாம்:
மின்கணக்கு சொல்வது பேட்டரிக்குச் சரி. நான் பூட்லோடர் பக்கம், ஆனால் காரணம் வேறு. சிக்கனத்தை விடுங்கள், பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றாக உள்ள, தேவைக்கேற்ப வேகம் கேட்கும் ஸ்கெட்யூட்டில் கவர்னர் மெதுவாக எழுகிறது என்பதுதான் என் புகார்.

அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஷெட்யூலர் (எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் கர்னல் பகுதி) ஒவ்வொரு டாஸ்க்கும் எவ்வளவு ஓடியது என்று 1024-க்கு ஒரு எண் வைத்திருக்கிறது. கவர்னர் அந்த எண்ணை எடுத்து, உச்ச வேகத்தால் பெருக்கி, மேலே கால் பங்கு சேர்த்துக் கேட்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் கோரில் பயன்பாடு 400 என்றால் 1.25 × 400 ÷ 1024, அதாவது உச்சத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே, 1.95 கிகாஹெர்ட்ஸ். அழகான கணக்கு. ஆனால் அந்த எண் ஏறும் விதம்தான் வில்லன். அரை ஆயுள் 32 மில்லிவினாடி. பூஜ்யத்திலிருந்து நிற்காமல் ஓடும் டாஸ்க் பாதியைத் தொட 32 மில்லிவினாடி, முக்கால் தொட 64. உச்சம் கேட்க 80 சதவீதம் வேண்டும், அதற்கு 74 மில்லிவினாடி. இது உச்ச வேகத்தில் ஓடினால். குறைந்த வேகத்தில் ஓடும் கோரில் அந்த வேகத்துக்கேற்ப எண்ணும் மெதுவாகவே ஏறும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிவினாடி. கவர்னர் விழித்து வருவதற்குள் நாலு ஃப்ரேம் போய்விடும்.

ஆடியோ_பித்தன்:
அரை ஆயுள் கணக்கு சரி, அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியில்லை. 2018-இல் 4.17 கர்னலிலேயே யுட்டில்-எஸ்ட் வந்துவிட்டது. டாஸ்க் தூங்கப் போகும்போது அதன் பழைய எண்ணை நினைவில் வைத்து, எழும்போது அங்கிருந்தே தொடங்கும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஒரே மாதிரி எழும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து ஏறும் கதை கிடையாது. டிஸ்க்குக்காகக் காத்திருந்து எழும் டாஸ்க்குக்குத் தனி ஏற்றமும் உண்டு.

அப்புறம் ரியல்டைம். ஜாக் என்ற ஆடியோ சர்வரில் ஆடியோ த்ரெட் ஃபிஃபோ என்ற ரியல்டைம் முன்னுரிமையில் ஓடும். அப்படிப்பட்ட டாஸ்க் ஓடத் தொடங்கினால் ஸ்கெட்யூட்டில் எந்தக் கணக்கும் போடாமல் நேராக உச்ச வேகம் கேட்கும், டீஃபால்ட்டே அதுதான். ஆடியோ ஆட்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு "பெர்ஃபார்மன்ஸ் வை" என்று சொல்வது ஆன்டிமாண்ட் காலத்துப் பழக்கம். அது குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, போன இடைவெளியில் கோர் எவ்வளவு பிஸி என்று கணக்கிடும். எந்த டாஸ்க், என்ன முன்னுரிமை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

தாமதம்_வேண்டாம்:
ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஒரே மாதிரி எழும் வேலைக்கு யுட்டில்-எஸ்ட் உதவும், ஒப்புக்கொள்கிறேன். நான் எடிட்டரில் சேவ் அழுத்தியதும் லின்டர் (கோடில் பிழை தேடும் கருவி) ஓடுகிறதே, அது ஒவ்வொரு முறையும் புது ப்ராசஸ். அதற்கு எந்த நினைவு?

பழைய_பென்டியம்:
இவ்வளவு எழுதிவிட்டீர்கள், ஒருவராவது சிப்பின் வேகத்தை மாற்றும் டிரைவர் எது ஓடுகிறது என்று கேட்டீர்களா? பூட்லோடர் தம்பி, ஸிஸ் அடைவுக்குள் சிபியு0-வின் சிபியுஃப்ரீக் அடைவில் ஸ்கேலிங் டிரைவர் என்று ஒரு கோப்பு இருக்கும். அதைப் படித்துச் சொல்லுங்கள்.

பூட்லோடர்:
இன்டெல் பிஸ்டேட் என்று காட்டுகிறது அண்ணே. ஸ்டேட்டஸ் கோப்பில் ஆக்டிவ்.

பழைய_பென்டியம்:
அப்படியானால் மேலே நடந்த ஸ்கெட்யூட்டில் சண்டைக்கும் உங்கள் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஆக்டிவ் நிலையில் இன்டெல் பிஸ்டேட் பொதுக் கவர்னர்களைக் கண்டுகொள்ளாது. பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டே பெயர் காட்டும், இரண்டும் அதன் சொந்தச் சரக்கு. பழைய ஏசிபிஐ டிரைவரில் பவர்சேவ் என்றால் கோரைக் குறைந்தபட்ச வேகத்தில் கட்டிப்போடும். இங்கே பவர்சேவ் என்பது தேவைக்கேற்ப ஏறி இறங்கும் சாதாரண நிலை. இது தெரியாமல் புது லேப்டாப் வாங்கியவர்கள் "ஐயோ பவர்சேவில் இருக்கிறது" என்று பதறி மாற்றுவதை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

இன்னொன்று. 2015-இல் வந்த ஸ்கைலேக்கிலிருந்து வேகத்தைச் சிப்பே முடிவு செய்யும் வசதி இருக்கிறது. கர்னல் கீழ் எல்லை, மேல் எல்லை, கூடவே ஒரு விருப்ப எண், இவற்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த விருப்ப எண்தான் இபிபி, 0 முதல் 255 வரை. 0 என்றால் வேகம், 255 என்றால் சிக்கனம். கர்னல் காட்டும் பெயர்களில் பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்பது வழக்கமாக 128, பேலன்ஸ் பவர் 192. நீங்கள் பெர்ஃபார்மன்ஸ் கவர்னர் வைத்தால் டிரைவர் இபிபியை 0-வில் பூட்டிவிடும். அந்த நேரத்தில் இபிபி கோப்பில் பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்று எழுதிப் பாருங்கள், "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்று திருப்பி அனுப்பும். பவர்சேவுக்கு மாற்றிய பிறகுதான் அந்தத் திருகாணி சுழலும். அதாவது நீங்கள் தேர்ந்தெடுத்தது கூடுதல் வேகத்தை அல்ல, இருந்த ஒரே கட்டுப்பாட்டை இழந்த நிலையை.

ஏஎம்டியிலும் இதே பாதைதான். 2022-இல் 5.17 கர்னலில் ஏஎம்டி பிஸ்டேட் வந்தது, 6.3-இல் இபிபியோடு ஆக்டிவ் நிலை. அதற்கு முன் பல ரைசன்களில் ஏசிபிஐ டிரைவர் மூன்றே மூன்று படி காட்டிக்கொண்டிருந்தது.

பூட்லோடர்:
இழந்தது என்று ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு 0 தான் வேண்டும், பூட்டியே இருக்கட்டும். சிப்பே முடிவெடுக்கிறது என்றால் இன்னும் நல்லது, வெப்பமும் மின்சார வரம்பும் அதற்குத்தான் நேரடியாகத் தெரியும். "வேகம் முக்கியம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்கிறேன், மீதியை அது பார்த்துக்கொள்ளட்டும்.

மின்கணக்கு:
0 கொடுத்துவிட்டு மீதியைப் பார்த்துக்கொள் என்றால் பார்த்துக்கொள்ள மீதி என்ன இருக்கிறது? 128-இல் சிப் சின்ன வேலையா பெரிய வேலையா என்று பிரித்துப் பார்க்கும். தொடர்ந்து ஓடும் வேலைக்கு 128-இலும் உச்சத்துக்குப் போய்விடும். 0-வில் நீங்கள் கூடுதலாக வாங்குவது ஏறும் நேரத்தில் சில மில்லிவினாடி மட்டுமே. பதிலுக்கு ஃபேன் சத்தம்.

பை_பிரியன்:
குறுக்கே வருகிறேன். என்னிடம் உள்ள ராஸ்பெரி பை 4-இல் 600 மெகாஹெர்ட்ஸ் முதல் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரைதான், இபிபி எல்லாம் கிடையாது. ஹீட்சிங்க் இல்லாமல் பெர்ஃபார்மன்ஸ் வைத்து நீண்ட வேலை கொடுத்தால் 80 டிகிரியைத் தொட்டதும் ஃபர்ம்வேர் தானே வேகத்தைக் குறைக்கும். கவர்னர் 1.5 கேட்டுக்கொண்டே இருக்கும், கிடைக்காது. அதனால் பைக்கு முதலில் ஹீட்சிங்க், கவர்னர் பிறகு.

தாமதம்_வேண்டாம்:
டெஸ்க்டாப்பை விடுங்கள், சர்வருக்கு வாருங்கள். டேட்டாபேஸ் ஓடும் பெட்டியில் சராசரி நன்றாக இருக்கும், நூற்றில் ஒரு வினவல் மட்டும் தொங்கும். பெர்ஃபார்மன்ஸ் வைத்ததும் குறைகிறது. இது நான் கற்பனை செய்ததல்ல, டேட்டாபேஸ் டியூனிங் கையேடுகள் பலவற்றில் முதல் வரியாக இருக்கும் அறிவுரை.

ஆடியோ_பித்தன்:
குறையும், ஆனால் அந்தத் தொங்கலில் பெரும் பங்கு வேகத்தால் வருவது இல்லை, தூக்கத்திலிருந்து எழுவதால் வருவது. இன்டெல் ஐடில் டிரைவரின் ஸ்கைலேக் அட்டவணையைத் திறந்து பாருங்கள்: சி1-இலிருந்து எழ 2 மைக்ரோவினாடி, சி6-க்கு 85, சி10-க்கு 890. சர்வர் சிப்புகளில் சி10 இல்லை, ஆனால் சி6 உண்டு. கோரிக்கை விட்டுவிட்டு வரும் சர்வரில் ஒவ்வொரு இடைவெளியிலும் கோர் ஆழத் தூக்கத்துக்குப் போய் வரும். பெர்ஃபார்மன்ஸ் கவர்னர் அதைத் தடுக்காது. அது ஐடில் நிலைகளைத் தொடுவதே இல்லை. தடுக்க வேண்டுமானால் டெவ் அடைவில் சிபியு டிஎம்ஏ லேட்டன்சி என்ற கோப்பைத் திறந்து, எத்தனை மைக்ரோவினாடி தாங்குவேன் என்று எழுதி, திறந்தபடியே வைத்திருங்கள். மூடினால் கோரிக்கை ரத்தாகிவிடும். டேட்டாபேஸ் ஓடும் நேரத்துக்கு மட்டும் 20 என்று எழுதினால் அந்த அட்டவணைப்படி சி6 தானாக விலக்கப்படும், சி1 மிஞ்சும்.

தாமதம்_வேண்டாம்:
சரி, இரண்டையும் செய்வேன். சர்வரில் மின்சாரத்துக்கு வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார், காத்திருப்பதற்குக் கொடுப்பதில்லை.

பழைய_பென்டியம்:
சர்வரில் என்னமும் செய்யுங்கள். நான் சொல்ல வந்தது கம்பைல் விஷயம். பூட்லோடர் ஸ்கெட்யூட்டிலையும் எடுக்கப் பார்த்திருப்பார், மெனுவில் அது அசைந்திருக்காது. இன்டெல் பிஸ்டேட்டை உள்ளே வைத்தால் கான்ஃபிக் தானாகவே பெர்ஃபார்மன்ஸையும் ஸ்கெட்யூட்டிலையும் இழுத்துக்கொள்ளும். பாஸிவ் நிலைக்கு மாறினால் பொதுக் கவர்னர் தேவைப்படும் என்பதால். டீஃபால்ட்டை மாற்ற கர்னலையே மறுபடி கட்ட வேண்டியதும் இல்லை. 5.9-இலிருந்து சிபியுஃப்ரீக் டீஃபால்ட் கவர்னர் என்று பூட் வரியில் ஒரு அளவுரு இருக்கிறது. கிரப் பூட்லோடரின் அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் முடிந்தது. இது தெரியாமல் எத்தனை பேர் இரவெல்லாம் கம்பைல் ஓட்டுகிறார்களோ.

இதையும் கவனியுங்கள். பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனோ டிஎல்பியோ (மின்செலவைக் கவனிக்கும் பின்னணிச் சேவைகள்) ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் கர்னலில் என்ன டீஃபால்ட் வைத்தாலும் பூட் ஆன பிறகு அது வந்து தன் விருப்பத்தை எழுதிவிடும். கர்னலில் வைப்பது அதுவரைக்கும்தான் செல்லும்.

பூட்லோடர்:
மெனுவில் அசையவில்லைதான், பார்த்தேன். பூட் வரி யோசனை நல்லது, எடுத்துக்கொள்கிறேன். கவர்னர் மட்டும் பெர்ஃபார்மன்ஸாகவே இருக்கும். மேலே சொன்ன 2.25 மடங்கு காகிதக் கணக்கு. என் பெட்டியில் அந்தச் சின்ன வேலைகள் மொத்த நேரத்தில் எத்தனை பங்கு என்று யாரும் காட்டவில்லையே.

மின்கணக்கு:
உங்கள் பெட்டியை நீங்கள்தான் காட்ட முடியும். ரூட்டாக டர்போஸ்டாட்டை ஓட்டுங்கள், இடைவெளி 5 நொடி. ஒரே வீடியோ, ஒரே பிரவுசர், திரை வெளிச்சத்தைத் தொடாதீர்கள். ஒரு தடவை பெர்ஃபார்மன்ஸில், ஒரு தடவை பவர்சேவ் கவர்னரோடு பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ் இபிபியில். பார்க்க வேண்டிய பத்திகள் மூன்று: பிஸி சதவீதம், பிஸியாக இருந்தபோது ஓடிய மெகாஹெர்ட்ஸ், பேக்கேஜ் வாட். பெர்ஃபார்மன்ஸில் பிஸி சதவீதம் குறைந்து வாட்டும் குறைந்தால் உங்கள் வாதம் வென்றது. பிஸி சதவீதம் குறைந்து வாட் ஏறினால் என் வாதம். டெஸ்க்டாப்பின் ஸ்டேட்டஸ் பாரில் காட்டும் மெகாஹெர்ட்ஸை மட்டும் கொண்டு வராதீர்கள், தூங்கும் கோருக்கு அது காட்டும் எண்ணில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

பூட்லோடர்:
ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறேன். வீடியோவோடு லின்டரையும் சேர்த்துத்தான்.

தாமதம்_வேண்டாம்:
லின்டருக்கு வாட் மட்டும் போதாது, முடிந்த நேரத்தையும் போடுங்கள்.