மைக்ரோசாஃப்ட் - ஆக்டிவிஷன்: அத்தனை விசாரணையும் எதற்கு?

பழைய_கன்ட்ரோலர்:
மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு கால் ஆஃப் டியூட்டி கேமைத் தயாரிக்கும் ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கியது பழைய கதைதான். ஆனால் 2025 அக்டோபரில் அவர்களுடைய எக்ஸ்பாக்ஸ் கேம் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட் மாதம் 20 டாலரிலிருந்து ஒரேயடியாக 30 டாலருக்குப் போனபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இணைப்பைத் தடுக்கப் பார்த்த அமெரிக்காவின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு எஃப்டிசிதான். கால் ஆஃப் டியூட்டி இனி சோனியின் பிளேஸ்டேஷனில் வருமா வராதா என்றே கோர்ட்டில் மல்லுக்கட்டினார்கள். அது வந்துகொண்டுதான் இருக்கிறது. வாசலில் காவல், கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடந்தது.

லேக்_ராஜா:
இல்லை பாஸ், பிரிட்டனை மறந்துவிட்டீர்கள். அங்கே போட்டியைக் கண்காணிக்கும் சிஎம்ஏ 2023 மார்ச்சிலேயே பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோல் பற்றிய கவலையைக் கைவிட்டுவிட்டது, ஏப்ரலில் தடை போட்டது இணையம் வழியாகவே ஆடும் கிளவுட் கேமிங்குக்காக. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே ஆக்டிவிஷன் கேம்களின் கிளவுட் உரிமைகளை யூபிசாஃப்ட் என்ற இன்னொரு கேம் கம்பெனிக்கு விற்க மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட பிறகுதான் அக்டோபர் 13 அன்று அனுமதி கிடைத்தது, டீலும் அன்றைக்கே முடிந்தது. ஐரோப்பிய ஆணையமும் கிளவுடில் ஆட 10 வருட லைசென்ஸ் வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் விட்டது. இதெல்லாம் கணக்கிலேயே வராதா?

பழைய_கன்ட்ரோலர்:
யூபிசாஃப்ட் கேமை கிளவுடில் ஆடவே அமேசான் லூனா மாதிரி இன்னொருவர் மேடை வேண்டும். அவர்களிடம் உரிமையைக் கொடுத்தால் போட்டி வளர்ந்துவிடுமா? கேட்க நன்றாக இருக்கிறது. டீல் முடிந்து மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், கேமிங் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆக்டிவிஷன் தனியாக இயங்கும் என்று சொன்னீர்களே என்று எஃப்டிசி அப்பீல் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதியது, அதனால் ஆனது ஒன்றுமில்லை. 2025 மே மாதம் அப்பீலும் தோற்றது, வழக்கையே விட்டுவிட்டார்கள்.

ஸ்டிக்_டிரிஃப்ட்:
சோனி மட்டும் என்ன புனிதரா? வெளியே அவ்வளவு பதறிய அப்போதைய பிளேஸ்டேஷன் தலைவர் ஜிம் ரயன், டீல் அறிவித்த சமயத்திலேயே, கால் ஆஃப் டியூட்டி பிளேஸ்டேஷனில் பல வருடம் வரும் என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார். கோர்ட்டில் வெளியே வந்ததே!

லேக்_ராஜா:
அதேதான். எஃப்டிசி பலவீனமான வாதத்தைப் பிடித்தது, நீதிபதி கார்லி 2023 ஜூலையில் தடை கொடுக்க மறுத்தார். அது வக்கீல் வேலையில் வந்த கோளாறு. அப்புறம், ஆட்குறைப்பைத் தடுப்பது போட்டிச் சட்டத்தின் வேலையே இல்லை. ஆக்டிவிஷனை வாங்காத கேம் கம்பெனிகளும் அந்த வருடம் ஆட்களைக் குறைத்தன.

பழைய_கன்ட்ரோலர்:
ஆட்குறைப்பை விடுங்கள், விலை? இணைப்பால் விலை ஏறுமா என்று பார்ப்பதுதானே அவர்களுடைய முதல் வேலை? கால் ஆஃப் டியூட்டியைச் சந்தாவுக்குள் போட்டால் அந்தச் செலவு நம் தலையில்தான் விழும் என்று ஊகிக்கப் பெரிய பொருளாதார நிபுணர் தேவையில்லை.

லேக்_ராஜா:
கட்டுப்படியாகவில்லை என்றால் சந்தாவை நிறுத்திவிட்டு வேண்டிய கேமைத் தனியாக வாங்குங்கள், யாரும் கட்டிப்போடவில்லையே. மாற்று வழி இருக்கும்வரை அதை ஏகபோகம் என்று எந்த கோர்ட்டும் ஒத்துக்கொள்ளாது.

பழைய_கன்ட்ரோலர்:
நிறுத்தியாச்சு. இத்தனை வருடம் பாதியில் சேமித்து வைத்த ஆட்டமெல்லாம் உள்ளே இருக்கிறது, தொடர வேண்டுமானால் ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதைத்தான் கட்டிப்போடுவது என்கிறேன்.