பாஸ்க் பகுதியில் காரில் பத்து நாள்: எங்கள் திட்டம் சரியா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளையொட்டி, வரும் மே மாதம் நானும் என் கணவரும் ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் பகுதியில் பத்து நாள் வாடகைக் காரில் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். கோலாலம்பூரிலிருந்து இஸ்தான்புல் வழியாகப் பில்பாவோவில் இறங்கி, கெர்னிகா, சான் செபஸ்டியான், பிரான்ஸ் எல்லைக்கு அப்பால் பியாரிட்ஸ், பிறகு பம்ப்லோனா, லாகுவார்டியா, விட்டோரியா என்று ஏழு ஊர், ஏழு விடுதி என்பது அவர் போட்டிருக்கும் கணக்கு. பினாங்குக்கு ஒரே மூச்சில் ஓட்டிச் செல்பவர் என்பதால் தூரத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை; ஆனால் வலப்பக்கமாக வண்டி ஓடும் நாட்டில் அவர் இதுவரை ஓட்டியதே இல்லை. நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன், வெள்ளிக்கிழமைகளில் முழுச் சைவம். சென்று வந்தவர்கள் இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று மனம்விட்டுச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பினாங்கு அன்பர்:

வணக்கம் சகோதரி. ஏழு விடுதி வேண்டாம், இரண்டு போதும். பில்பாவோவிலிருந்து சான் செபஸ்டியான் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிலிம் ரிவர் போகிற தூரம்தான். அங்கிருந்து பியாரிட்ஸ் இன்னுமொரு 50. தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பதில் காலைப்பொழுது வீணாகும். நானும் என் மனைவியும் முதல் நான்கு நாள் பில்பாவோவில் கார் இல்லாமல் தங்கினோம். 1997இல் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகத்தையும் ஆற்றங்கரையையும் நடந்தும் டிராமிலும் பார்த்துவிடலாம். ஊரை விட்டுக் கிளம்பும் நாளில்தான் காரை எடுத்தோம். மீதி நாட்களுக்குக் கடலோரச் சிற்றூரான சராவுட்ஸில் அறை பிடித்தோம்.

வலப்பக்க ஓட்டம் பழகிவிடும், ஆனால் முதல் நாள் முழுக் கவனம் வேண்டும். நம் ஊர்க் காரில் சிக்னல் கம்பி ஸ்டீயரிங்கின் வலப்புறம் இருக்கும், அங்கே இடப்புறம். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் சிக்னல் போடுவதாக நினைத்து வைப்பரை ஓடவிட்டேன். நெரிசலான சாலையில் முன்வண்டியைப் பின்பற்றிப் போய்விடலாம். பெட்ரோல் நிலையத்திலிருந்து ஆளில்லாத சாலைக்குள் நுழையும் நொடிதான் ஆபத்து, ஏனென்றால் கை தானாகவே இடப்பக்கம் இழுக்கும். ஆகவே ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் என் மனைவி "வலப்பக்கம்" என்று சத்தமாகச் சொல்வதை வழக்கமாக்கிக் கொண்டோம். வட்டச்சாலையில் இடப்பக்கமிருந்து சுற்றி வருபவருக்கே வழிவிட வேண்டும். ஆட்டோ கியர் கார் அங்கே குறைவு, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சராவுட்ஸிலிருந்து கெட்டாரியா செல்லும் என்-634 சாலை சில கிலோமீட்டர்தான். மலையைக் குடைந்து கடலின் விளிம்பிலேயே போட்டிருக்கிறார்கள். மேற்கு நோக்கிப் போனால் கடல் வலப்புறம், அதாவது உங்கள் இருக்கையின் பக்கம் வரும். எனவே நெடுஞ்சாலையில் சராவுட்ஸ் வரை வந்துவிட்டு, அங்கிருந்து மேற்கே திரும்பி ஓட்டச் சொல்லுங்கள். கெட்டாரியா, கடலோடி மெகல்லனுடன் புறப்பட்டு, அவர் இறந்தபின் 1522இல் உலகைச் சுற்றிய முதல் பயணத்தை முடித்துத் திரும்பிய எல்கானோவின் ஊர். அதே பயணத்தில் மலாக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுசெல்லப்பட்ட என்ரிக் என்பவரும் இருந்தார் என்பது, எல்கானோவின் சிலைமுன் நின்றபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

பில்பாவோவுக்கு அருகே, 1893இல் கட்டிய விஸ்காயா பாலத்தைத் தவறவிடாதீர்கள். தண்ணீருக்கு மேலே கம்பிகளில் தொங்கும் மேடையில் காரோடு ஏறி அக்கரை போகலாம். பட்டர்வொர்த்திலிருந்து பழைய ஃபெரியில் காரை ஏற்றி வந்த காலம் எங்கள் இருவருக்கும் கண்முன் வந்தது.

ஓர் எச்சரிக்கை: சான் செபஸ்டியானின் பழைய நகரத்துக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். கைப்பேசி வரைபடத்தை நம்பி, குடியிருப்போர் மட்டும் நுழையக்கூடிய தெருவில் நான் புகுந்துவிட்டேன். ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்தது. அதன்மேல் கார் நிறுவனமும் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் பிடித்தது. வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் போவதே நல்லது.

கிள்ளான் சமையற்காரி:

உணவைப் பற்றி நான் சொல்கிறேன், அக்கா. பின்ச்சோஸ் என்பது மதுக்கடை மேசையில் வரிசையாக அடுக்கியிருக்கும் சிறு பலகாரங்கள். ஒவ்வொரு கடையிலும் ஒன்றிரண்டு தின்றுவிட்டு அடுத்த கடைக்கு நகர்வதுதான் அங்குள்ள வழக்கம். "தெர்னேரா", "சுலேட்டா" என்றால் மாடு. ஆனால் உங்களை ஏமாற்றப் போவது மாடல்ல, பன்றி: காய்கறித் தட்டிலும் ஹமோனைத் தூவிவிடுவார்கள், அவர்கள் கண்ணுக்கு அது கறியே அல்ல. ஆகவே "சின் கார்னே" (கறி இல்லாமல்) என்பதோடு நிறுத்தாமல் "சின் ஹமோன்" (ஹமோன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு, முட்டை சேர்ப்பீர்கள் என்றால், தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் கிடைக்கும். கெர்னிகா மிளகாயை மறந்துவிடாதீர்கள்: விரல் நீளப் பச்சை மிளகாயை எண்ணெயில் தோல் கொப்புளிக்கும்வரை வாட்டி, கல்லுப்பு தூவித் தருவார்கள், காரமில்லை, காம்பைப் பிடித்து அப்படியே கடிக்கலாம். இடியாசபால் பாலாடைக்கட்டியை மரபு முறையில் ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் உறையவைப்பதால், அன்று அதைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற நாட்களில் கெட்டாரியா மீன். தெருவோரத்திலேயே கரியடுப்பு வைத்து முழுமீனாகச் சுடுகிறார்கள். இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல்தான் களைகட்டும் என்பதால் மாலையில் பசிக்குக் கொஞ்சம் தின்பண்டம் கையில் வைத்திருங்கள்.

செந்தூல் ஆசிரியை:

உங்கள் பட்டியலில் கெர்னிகாவைப் பார்த்து எழுதுகிறேன். வழியில் அரைமணி நேரம் என்று வைக்காதீர்கள். ஒரு முழுக் காலையைக் கொடுங்கள். 1937 ஏப்ரல் 26, சந்தை கூடும் திங்கட்கிழமை, ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அந்த ஊரின் மீது குண்டு பொழிந்தன. அதைப் பற்றிய பிகாஸோவின் ஓவியம் மாட்ரிட்டில் இருக்கிறது. கெர்னிகாவில் இருப்பது ஓடுகளில் தீட்டிய அதன் படிவம். அந்த ஊர் இருக்கும் விஸ்காயா மாகாணத்தின் தலைவர்கள் மக்களின் உரிமைகளைக் காப்பதாக உறுதி கூறிய ஓக் மரத்தின் வழிவந்த மரமும் அங்கேதான் நிற்கிறது.

சாலைப் பலகைகளில் ஸ்பானியம், பாஸ்க் என இரு மொழி இருக்கும். பாஸ்க்கில் "இர்தேரா" என்றால் வெளியேறும் வழி. சான் செபஸ்டியானுக்கு டொனொஸ்டியா என்றே பாஸ்க் மொழியில் பெயர். "டொனொஸ்டியாரா" என்றால் டொனொஸ்டியாவுக்கு, "டொனொஸ்டியாதிக்" என்றால் டொனொஸ்டியாவிலிருந்து. உலகின் அறியப்பட்ட எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத மொழி அது, தமிழோடும் உறவில்லை; ஆனாலும் பெயரோடு உருபு ஒட்டும் அந்த முறை நம் காதுக்கு அந்நியமாக இல்லை. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பொதுவெளியில் ஒடுக்கப்பட்ட மொழியைப் பெற்றோர்களே பள்ளிகள் நடத்திக் காத்திருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் பணிபுரிபவள் என்பதால் சொல்கிறேன்: கடைக்காரரிடம் "எஸ்கெரிக் அஸ்கோ" என்று நன்றி சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பம்ப்லோனா, லாகுவார்டியா, விட்டோரியா மூன்றையும் அவரே அடித்துவிட்டார். பில்பாவோவில் நான்கு இரவு, சராவுட்ஸில் ஐந்து, விமானத்துக்கு முதல்நாள் மீண்டும் பில்பாவோ. பியாரிட்ஸ் ஒருநாள் பயணமாக இருக்கட்டும். சராவுட்ஸுக்கு அருகே கடலோரத்தில் இருக்கும் சுமாயாவின் பாறைகளுக்கு எப்போது போவது நல்லது என்று மட்டும் சொல்வீர்களா?

பினாங்கு அன்பர்:

நீர் வற்றும் நேரத்தில் போங்கள். புத்தகத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் அடுக்கடுக்காக நிற்கும் அந்தப் பாறைகள் கடலுக்குள் நீளும் பகுதி அப்போதுதான் வெளிப்படும், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்தின் எல்லைக்கோடும் அந்தக் கரையோர அடுக்குகளில் பதிந்திருக்கிறது. முதல்நாள் இரவே விடுதியில் வற்று நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிடிமானமுள்ள காலணி அவசியம், பாசி வழுக்கும்.