புதுப்பிப்பு: அந்த ஆல் சீசன் டயர், 2 குளிர்காலத்துக்கு அப்புறம்

காரின் கோடை டயரைக் கழற்றிவிட்டு, எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயரான பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் போட்டிருக்கிறேன், நியூ ஜெர்சி பனிக்குத் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் தாங்கும் என்றீர்கள். மீதிப் பேர் தனியாக ஸ்னோ டயர் வாங்கச் சொன்னீர்கள். இப்போது 22,000 மைல் ஆகிவிட்டது.

மழையில் குறையே இல்லை. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயர் ரப்பர் கெட்டியாகிவிடும், இது இளக்கமாகவே இருக்கிறது. முதல் வருடப் பனியும் சிரமமில்லாமல் போனது.

இந்த ஜனவரியில்தான் மாட்டிக்கொண்டேன். தெருமுனை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் ஏபிஎஸ் (வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) கடகடவென்று அடிக்கிறது, வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு ஸ்டாப் பலகையைத் தாண்டித்தான் நின்றது. நல்லவேளை, குறுக்கே யாரும் வரவில்லை.

இறங்கிப் பார்த்தேன். இந்த டயரின் டிரெட்டில், அதாவது தரையில் படும் வரிப்பள்ளப் பகுதியில், டி (டிரை), டபிள்யூ (வெட்), எஸ் (ஸ்னோ) என்று மூன்று எழுத்து இருக்கும். எஸ் அழிந்துவிட்டால் பனிக்கு உதவாது. முன் டயர் இரண்டிலும் எஸ் காணவில்லை. குவார்ட்டர் (25 சென்ட்) காசை டிரெட் பள்ளத்தில் தலைகீழாகச் செருகினால் வாஷிங்டன் தலை முழுசாகத் தெரிகிறது, அதாவது பள்ளத்தின் ஆழம் 4/32 அங்குலம்கூட இல்லை. பின் டயரில் எஸ் அப்படியே பளிச்சென்று! ரொட்டேஷன் (முன் பின் டயரை இடம் மாற்றுவது) என்று இரண்டு முறை பில் போட்ட கடையில் வீலைக் கழற்றவே இல்லை போல.

சரி, ஸ்னோ டயர் கட்சிக்குப் பாதி வெற்றி. அடுத்து, பனிச் சோதனையில் தேறியதற்கு அடையாளமாக மலையும் பனிப்பூவும் பொறித்த ஆல் சீசன் பார்க்கிறேன். அதை 18 அங்குல வீலில் ஓட்டுகிறவர்கள் சத்தம் எப்படி என்று சொல்லுங்கள்.