45 நிமிடம் எழுதி, அப்படியே அழித்துவிட வேண்டும்

புரோகிராமர்கள் கூடும் நிகழ்வுகளில் கற்றுக்கொண்டதைப் பற்றிய இந்தப் பேச்சில், குறுகிய நேரத்தில் ஏதாவது ஒன்றை உருவாக்கிக் காட்டும் ஹேக்கத்தான் அனுபவங்களை நிறையப் பேர் சொல்லிவிட்டீர்கள். நான் கோட்ரிட்ரீட் பற்றிச் சொல்கிறேன்; புரோகிராமர்கள் ஒரு நாள் கூடி கோட் எழுதிப் பழகும் பயிற்சி அது. வெப் டெவலப்பராக நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஹேக்கத்தான் என்றால் கடைசியில் மேடையில் காட்ட ஏதாவது வேண்டும். அதனால் கைக்குப் பழகிய டூலையே எடுத்து வேகவேகமாக முடிக்கத்தான் தோன்றும். கோட்ரிட்ரீட்டில் அந்த அவசரமே கிடையாது. நாள் முழுக்க ஒரே கணக்குதான்: ஜான் கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்', 1970-இல் வெளியானது. கட்டம் போட்ட பலகையில் ஒவ்வொரு கட்டமும் உயிரோடோ காலியாகவோ இருக்கும். உயிருள்ள கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். இருவர் இருவராக உட்கார்ந்து இதை 45 நிமிடம் எழுத வேண்டும். நேரம் முடிந்ததும் கோட் முழுவதையும் அழித்துவிட்டு, வேறொருவரோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் சுற்றில் அழிக்க எனக்கு மனசே வரவில்லை. கோட் சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன; ஒரே ஒரு விதிதான் பாக்கி! ஆனால் எப்படியும் அழியப் போகிறது என்று தெரிந்த பிறகு பயம் போய்விட்டது. பழக்கமில்லாத வழிகளைத் தைரியமாக முயன்று பார்த்தேன்.

ஒரு சுற்றில் என்னோடு உட்கார்ந்த பெண், வரிசையும் நிரலுமாகக் கட்டம் போடாமல், உயிருள்ள கட்டங்களை மட்டும் ஒரு செட்டில் (ஒரே மதிப்பை இருமுறை வைக்காத தொகுப்பு) வைக்கலாம் என்றார். ஜாவாஸ்கிரிப்டில் அங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு கட்டத்தின் இடத்தைக் குறிக்கும் மூன்று, நான்கு என்ற எண்களை அரேயாகப் (பட்டியலாகப்) போட்டால், அதே எண்கள் கொண்ட இன்னொரு அரேயைச் செட் வேறொன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். அவர் சட்டென்று இரண்டு எண்களையும் காற்புள்ளியால் இணைத்து ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) ஆக்கினார். எழுத்துகள் ஒன்றாக இருந்தால் செட் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்தது. அன்றாட வேலையிலும் இந்த உத்தி எனக்கு அடிக்கடி கைகொடுக்கிறது.

இடைவேளைப் பேச்சும் லேசுப்பட்டதல்ல. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' டூலின் 'கிட் பைசெக்ட்' கட்டளை எனக்கு அப்படித்தான் அறிமுகமானது. எப்போதோ நுழைந்த பக் (பிழை) எந்தக் கமிட்டில் (பதிந்து வைத்த மாற்றத்தில்) வந்தது என்று தெரியவில்லையா? சரியாக இருந்த ஒரு கமிட்டையும் கெட்டுப்போன ஒன்றையும் காட்டினால் போதும். அது நடுவிலுள்ளதை எடுத்துக் கொடுக்கும். சரியா தவறா என்று சொல்லிக்கொண்டே போனால், ஒவ்வொரு தடவையும் பாதி கழிந்துவிடும். ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்தே படிகளில் பக்கைக் கொண்டுவந்த கமிட் அகப்பட்டுவிடும். டெஸ்ட் ஸ்கிரிப்ட் இருந்தால் 'பைசெக்ட் ரன்' என்று கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாம்.

போக நினைப்பவர்கள் லேப்டாப்பில் டெஸ்ட் ஓடும் வெற்று ப்ராஜெக்ட் ஒன்றை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். 45 நிமிடத்தில் பாதி இன்ஸ்டால் செய்வதிலேயே போனால், பக்கத்தில் இருப்பவரின் நேரமும் சேர்ந்து வீணாகும்.