குலதெய்வக் கோயில் குழு: தணிக்கை அறிக்கை வந்த அன்று

சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். கோயில் அறக்கட்டளையின் தணிக்கை அறிக்கை வந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே 'குவாலிஃபைடு ஒப்பீனியன்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

மதுரை மாமா: வாழ்த்துகள், மாப்பிள்ளை.

திருச்சி அத்தை: எல்லாம் அம்மன் அருள். கவிதாவும் நெட் தேர்வில் குவாலிஃபைடு, நம் கணக்கும் குவாலிஃபைடு.

பெரியப்பா: வாழ்த்தைச் சற்று நிறுத்துங்கள். ஓர் ஆளைக் குறித்தால் அந்தச் சொல்லுக்குத் தகுதி பெற்றவர் என்று பொருள். ஒரு கருத்தைக் குறித்தால், 'இன்ன குறை நீங்கலாக' என்று வரம்பு கட்டிச் சொன்ன கருத்து என்று பொருள். 'எத்தகையது' எனப் பொருள்படும் 'குவாலிஸ்' என்ற லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் வேர். குறையே சொல்லாத அறிக்கையை முன்பு 'அன்குவாலிஃபைடு' என்றார்கள். இப்போதைய தரநிலைகளில் அதற்கு 'அன்மாடிஃபைடு' என்று பெயர்.

மதுரை மாமா: அப்படியானால் தகுதியில்லாததுதான் நல்ல அறிக்கையா?

கவிதா: கணக்கில் அப்படித்தான், மாமா. 'எக்ஸெப்ட் ஃபார்' என்று வரும் வரியைப் பாருங்கள். கும்பாபிஷேகச் செலவில் ரூ.1,84,000-க்கு ரசீது இல்லை என்று அதற்குக் கீழேயே காரணம் எழுதியிருக்கிறார்கள்.

திருச்சி அத்தை: அது பந்தல்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்த பணம். ரசீது வாங்கு என்று நான் அன்றே சொன்னேன், தம்பி.

சித்தப்பா: இரவு பதினொரு மணிக்கு அவர் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எல்லோரும் பந்தியில் இருந்தீர்கள், அக்கா.

பெரியப்பா: அந்தச் சண்டை இப்போது வேண்டாம். பட்டயக் கணக்காளர் கழகத்தின் எஸ்ஏ 705 தரநிலைப்படி, குறை முக்கியமானதாக இருந்தும் கணக்கு முழுவதும் பரவாதபோதுதான் 'குவாலிஃபைடு' என்று எழுதுவார்கள். பிழை எங்கும் பரவியிருந்தால், கணக்கு சரியில்லை என்றே சொல்லும் 'அட்வர்ஸ்'. போதிய சான்று கிடைக்காமல், அதன் பாதிப்பும் எங்கும் பரவியிருக்கக்கூடும் என்றால், கருத்துச் சொல்லவே மறுக்கும் 'டிஸ்கிளெய்மர்'. நமக்கு வந்திருப்பது இந்த மூன்றில் மென்மையானது.

திருச்சி அத்தை: கவிதாவின் பயோடேட்டாவில் 'நெட் குவாலிஃபைடு' என்று போட்டு அனுப்பிவிட்டேனே, அண்ணா. அதை எடுத்துவிட வேண்டுமா?

பெரியப்பா: வேண்டாம், அது ஆளைக் குறிக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் 'குவாலிஃபைடு யெஸ்' என்று பதில் சொன்னால் மட்டும், பின்னாலேயே ஒரு சீர்வரிசைப் பட்டியல் வரும் என்று வைத்துக்கொள்.

கவிதா: பயோடேட்டா எப்போது போனது, அத்தை? என்னிடம் யாரும் கேட்கவில்லையே.

மதுரை மாமா: பந்தல்காரரின் எண் என்னிடம் இருக்கிறது. இப்போது ரசீது வாங்கினால் அறிக்கை மாறுமா?

பெரியப்பா: பழைய தேதி போட்ட ரசீது வேண்டவே வேண்டாம். பணம் பெற்றுக்கொண்டேன் என்று இன்றைய தேதியில் அவர் எழுதிக் கொடுத்தால், அதை ஏற்பதா என்பதைத் தணிக்கையாளர்தான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா: திங்கட்கிழமை நானே கேட்கிறேன், அண்ணா. ஆனால் அடுத்த ஆண்டு பொருளாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

மதுரை மாமா: கவிதா இருக்கிறாளே, தகுதி பெற்றவள்.

கவிதா: என்னுடையது குவாலிஃபைடு சம்மதம், மாமா. முதலில் அந்தப் பயோடேட்டாவைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள்.

திருச்சி அத்தை: அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.