மரம் சாய்ந்தபோது அப்பா எழுந்து நின்றார்

ராணிப்பேட்டைக்காரன்

அறிவியல் புனைவுப் படங்களுக்குள் ஒளிந்திருக்கும் அரசியல் என்கிறார்களே, அதை நான் அப்பாவின் முகத்தில்தான் பார்த்தேன். 2010 பொங்கல் விடுமுறை. வேலூரில் ஒரு திரையரங்கு. தமிழ் பேசிய ‘அவதார்’. வேறொரு கிரகத்தின் கனிமத்துக்காக மனிதர்கள் அங்கே வாழ்பவர்களின் காட்டை அழிக்கப் போகும் கதை.

நீல மனிதர்கள் குடியிருக்கும் பெருமரத்தைக் குண்டு வீசிச் சாய்க்கும் இடம் வந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். “உட்காருங்கள் பெரியவரே, மறைக்கிறது” என்று பின்வரிசையில் சத்தம். அவர் காதில் எதுவும் விழவில்லை. மரம் தரையில் விழுந்து புழுதி அடங்கும்வரை வேட்டி முனையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

திரும்பும் வழியில் ஆற்காடு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோதுதான் வாயைத் திறந்தார். “கிணற்றை மூடிய அன்று நாங்களும் இப்படித்தான் நின்றோம்.”

எங்கள் கிணற்றில் தண்ணீர் மஞ்சளாக ஊறியது. அப்பா இருபது ஆண்டுகள் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். சோறு போட்டதும் தோல்தான், தண்ணீரைக் கெடுத்ததும் தோல்தான். யாரிடம் போய் முறையிடுவார்? 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் எங்கள் மாவட்டத்து வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அதில் குறிப்பிட்டு, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதைப் பற்றி வீட்டில் அப்பா ஒரு சொல் பேசியதில்லை. அந்த மரம் விழுந்த பிறகுதான் பேசினார்.

காட்பாடி வாசகி

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் ‘ஒளிந்திருக்கும்’ என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. அந்தப் படத்தில் என்ன ஒளிந்திருக்கிறது? ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வரவிருந்தபோது, அங்கே வாழும் டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு உதவுங்கள் என்று 2010இல் ஒரு பழங்குடி உரிமை அமைப்பு இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனுக்கு விளம்பரம் கொடுத்தே வேண்டுகோள் விடுத்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே முடிவை விட்டது. பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. எல்லாம் வெட்டவெளிச்சம்.

என்னை உறுத்துவது வேறு படம். விடுதியில் பழைய ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1983இல் வந்த பாகத்தில் கரடிக்குட்டி போன்ற காட்டுவாசிகள் கல்லாலும் கட்டையாலும் பேரரசின் இயந்திரங்களைக் கவிழ்ப்பார்கள். எல்லோரும் கைதட்டினோம். வியட்நாம் போரை மனத்தில் வைத்தே அதை அமைத்ததாகவும், பேரரசு என்றது அமெரிக்காவையே என்றும் அந்த வரிசையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் சொல்லியிருப்பதை அடுத்த நாள்தான் படித்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த வாரம் அது. பேனாவை மூடி வைத்தது நினைவிருக்கிறது.

குடியாத்தம் ஆசிரியர்

எனக்கு ‘காட்ஜில்லா’. சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்தபோது ஏதோ பெரிய பல்லி ஊரை மிதிக்கிறது, அவ்வளவுதான். 1954ஆம் ஆண்டின் ஜப்பானிய மூலத்தை நாற்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். அதில் ஒரு ரயில் காட்சி. வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி, நாகசாகி குண்டுக்குத் தப்பி வந்த உயிர் இது என்று பக்கத்திலிருப்பவர்களிடம் சாதாரணமாகச் சொல்கிறாள். விலைவாசியைப் பேசுவதுபோல.

நானும் தினமும் குடியாத்தத்திலிருந்து ரயிலில் பள்ளிக்குப் போகிறவன். அதற்குப் பிறகு பல நாள், எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எதைக் கடந்து வந்து இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 23 பேர் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. நவம்பரில் படம் வந்தது. 1956இல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் அந்த ரயில் பேச்சை வெட்டிவிட்டார்கள். ஆகவே சகோதரி, சில நேரங்களில் அரசியல் ஒளிந்திருப்பதில்லை, ஒளித்துவைக்கப்படுகிறது.

சத்துவாச்சாரி

மூவரும் சொல்வது சரி. ஆனால் இந்தத் தேடல் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோட்டை அகழியோரம் உட்கார்ந்திருந்தபோது என் சித்தி மகன் கைப்பேசியில் ஒரு துணுக்கைக் காட்டினான். 1988இல் வந்த ‘தே லிவ்’. கறுப்புக் கண்ணாடி அணிந்தால் விளம்பரப் பலகைகளில் ‘கீழ்ப்படி’, ‘நுகர்’ என்று தெரியுமே, அது. யூதர்கள்தான் உலகத்தை ஆள்கிறார்கள் என்று அதன்கீழ் எழுதியிருந்தது. அவன் நம்பினான். கண்கள் பளபளத்தன.

அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். முதலில் படத்தை முழுவதும் பாருங்கள், துணுக்கை நம்பாதீர்கள். எடுத்தவர் என்ன சொன்னார் என்று தேடுங்கள். அந்தப் படம் கட்டற்ற முதலாளித்துவத்தைப் பற்றியது, யூதர் கதை அவதூறு என்று இயக்குநர் ஜான் கார்பென்டரே 2017இல் மறுத்திருக்கிறார். படம் வந்த ஆண்டில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். காட்ஜில்லாவுக்கு ஆசிரியர் ஐயா செய்தது அதுதான். ஒரே பொருள்தான் என்று அடம்பிடிக்காதீர்கள். மனிதர்களின் உருவில் வேற்றுயிர்கள் புகுந்துகொள்ளும் 1956ஆம் ஆண்டுப் படத்தைக் கம்யூனிச அச்சம் என்றும் சொல்கிறார்கள், அமெரிக்காவில் அப்போது நடந்த கம்யூனிஸ்ட் வேட்டையின் மீதான அச்சம் என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் படத்தில் இடமிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் கண்டுபிடித்த செய்தி ஒரு சாதியையோ மதத்தையோ மொத்தமாக வெறுக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

சித்தி மகன் இப்போது என்னிடம் பேசுவதில்லை.

காட்பாடி வாசகி

ராணிப்பேட்டை நண்பரே, அப்பா ‘அவதார்’ இரண்டாம் பாகம் பார்த்தாரா?

ராணிப்பேட்டைக்காரன்

இல்லை. 2022 டிசம்பரில் வந்தபோது அழைத்தேன். “அந்த மரத்தைத் திரும்ப நட்டார்களா?” என்று கேட்டார். இல்லை அப்பா, கதாநாயகன் குடும்பம் காட்டை விட்டுக் கடலோரம் போய்விடுகிறதாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நீ போய்ப் பார்த்துவிட்டு வா” என்றார்.