தோழியின் பேச்சலரெட் பார்ட்டிக்கு அழைப்பு: எப்படிக் கலந்துகொள்வது?

அல்சூர்க்காரி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் என்னோடு ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் நெருங்கிய தோழிக்கு ஆவணி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, திருச்சியில் திருமணம். அதற்கு முந்தைய சனிக்கிழமை அவளுக்காகப் பெண்கள் மட்டும் கூடும் பேச்சலரெட் பார்ட்டி ஒன்றை அவளுடைய கல்லூரித் தோழி முன்னின்று நடத்துகிறாள். நந்தி மலைக்குப் போகும் வழியில் உள்ள ரிசார்ட்டில் இரவு தங்குவது, ஒரே நிற டி-ஷர்ட், கேக், மெஹந்தி, விளையாட்டுகள் என்பது திட்டம். மணப்பெண்ணின் செலவையும் எங்களுக்குள் பங்கிட்டு, ஆளுக்கு 6,500 ரூபாய் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்திருக்கிறார்கள்.

தம்பியின் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் இந்தத் தொகை எனக்குப் பெரியது. நான் மது அருந்துவதில்லை. அருந்துகிறவர்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மணப்பெண்ணின் பழைய காதலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பினால் வினாடி வினாவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்பவள் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். அது மணப்பெண் என்னை நம்பிச் சொன்ன விஷயம். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடப்போவதாகவும் பேச்சு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பலர் அவளை அங்கே பின்தொடர்கிறார்கள். போகாமல் இருந்தால் அவள் மனம் வருந்துவாள். போனால் எப்படி நடந்துகொள்வது?

இந்திராநகர் அக்கா

தங்கை, அவசியம் போய் வாருங்கள். இத்தகைய கூட்டங்கள் சிலவற்றை நான் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்பதால் பணத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். நம் வீட்டு விசேஷங்களில் அழைப்பவர்தான் செலவு செய்வார். ஹென் நைட் என்று இதைக் கொண்டாடும் பிரிட்டனில் வருகிறவர்கள் தத்தம் செலவை ஏற்று, மணப்பெண்ணின் பங்கையும் சேர்த்துக் கட்டுவது பொதுவான வழக்கம். இங்கேயும் அதே முறை வந்துவிட்டது. ஆகவே ஏற்பாடு செய்பவள் பணம் கேட்டது தவறில்லை. உங்களால் இயலாது என்று நீங்கள் சொல்வதும் தவறில்லை. ஆனால் ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கட்டிய பிறகு விலகினால் உங்கள் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

குழுவில் எழுதாமல், ஏற்பாடு செய்பவளைத் தொலைபேசியில் அழைத்து, "இரவு உணவு வரை இருக்கிறேன், அதற்கும் கேக்குக்கும் என் பங்கைத் தருகிறேன், தங்க இயலாது" என்று தொகையோடு சொல்லுங்கள். காரணத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நந்தி மலை நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இரவில் தனியாக அவ்வளவு தூரம் கேப்பில் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றிரவே திரும்பும் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விமான நிலையம் வரை மட்டும் வண்டி பிடித்து, அங்கிருந்து வாயு வஜ்ரா பேருந்தில் ஏறிவிடலாம்; இரவிலும் ஓடுகிறது, கூட்டமும் இருக்கும். மதுவைப் பற்றிக் கவலையே வேண்டாம். கையில் ஓர் எலுமிச்சை சோடா இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

மல்லேசுவரத்து அம்மா

என் மகளின் கல்யாணத்தை இதே ஊரில் நடத்தியவள் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வாரம் முன்னதாகவே வைத்துக்கொண்டது மிகவும் நல்லது. பந்தக்கால் நட்டு, காப்பும் கட்டிவிட்டால், பெண்ணை வெளியே அனுப்பப் பல வீடுகளில் சம்மதிக்க மாட்டார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் வரவேற்பில் இரவு வெகுநேரம் நின்றுவிட்டு, விடியுமுன் எழுந்து தலைக்குக் குளித்து அலங்காரத்துக்கு உட்கார வேண்டியவளுக்குத் தூக்கம்தான் முதலில் வேண்டும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையில் மணப்பெண்ணுக்கு மெஹந்தி வேண்டாம் என்று உங்கள் தோழிகளிடம் சொல்லுங்கள். மருதாணி, கழுவிய உடனே ஆரஞ்சு நிறமாக இருந்து, ஒன்றிரண்டு நாளில் நன்றாகக் கருஞ்சிவப்பாகி, பிறகு மெல்ல வெளுக்கத் தொடங்கும். சனிக்கிழமை இட்டால் வெள்ளிக்கிழமை தாலி கட்டும்போது கை மங்கிப்போயிருக்கும்; செவ்வாய் மாலை இட்டால் வியாழன் வரவேற்புக்கும் மறுநாள் முகூர்த்தத்துக்கும் பொருத்தமாக இருக்கும். சில மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோன்களைக் கிட்டேயே சேர்க்க வேண்டாம். முடிச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற பொருளைச் சிலவற்றில் கலக்கிறார்கள். அது சிலருக்குத் தோலைக் கொப்பளிக்கச் செய்துவிடும். கல்யாணப் பெண்ணின் கையில் அந்தச் சோதனை எதற்கு?

கேலியைப் பற்றி ஒரு வார்த்தை. மணப்பெண்ணைக் கேலி செய்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. எங்கள் வீட்டு நலங்கில் தேங்காய் உருட்டி, அப்பளத்தைத் தலைமேல் நொறுக்கி, மாப்பிள்ளையின் நடையையும் நாத்தனாரின் வாயையும் வைத்துப் பாட்டிகள் பாடிய பாட்டுகளுக்குக் கல்யாணக் கூடமே சிரித்தது. ஆனால் மறுநாள் அவள் தலைகுனியும்படியான ஒரு சொல் அதில் வராது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்கிற அந்தக் கேள்வி தொடக்கூடாதது. இரவு தங்குவது பெண்ணின் தாயாருக்குத் தெரிந்திருப்பதும் அவசியம் என்று நினைக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு மருமகள்

அம்மா, உங்கள் சொல்லில் பெரும்பகுதியை ஏற்கிறேன். சம்பாதித்துத் தனியாக வாழும் ஒரு பெண் எங்கே தங்குகிறாள் என்று அவள் தாயாரிடம் சொல்வது அவளுடைய பொறுப்பு. தோழிகள் இடையில் புகுவது அவளைச் சிறுபிள்ளையாக நடத்துவதாகும்.

கேள்வி கேட்ட தோழிக்கு: அண்மையில் திருமணமானவள் நான். எனக்கும் இப்படி ஒரு மாலை, கோரமங்கலாவில், தோழி ஒருத்தியின் வீட்டு மாடியில் நடந்தது. அன்று என்ன விளையாடினார்கள் என்பது பாதி மறந்துவிட்டது. கல்யாண வேலைகள் தொடங்கிய பிறகு, புடவை, சத்திரம், பத்திரிகை எதையும் பற்றிப் பேசாமல் நான் நானாக உட்கார்ந்து சிரித்தது அன்றுதான். அது எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைச் சொல்லி முடியாது. உங்கள் தோழிக்கும் அப்படித்தான் இருக்கும். ஆகவே நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

பழைய காதல் விஷயத்தில் உறுதியாக மறுத்துவிடுங்கள். வெறும் மறுப்போடு நில்லாமல், அந்த இடத்தில் வைக்க வேறு கேள்விகளையும் எழுதிக் கொடுங்கள். ஏற்பாடு செய்பவளுக்கு வேண்டியது நிரப்புவதற்குக் கேள்விகள்தான், வஞ்சம் எதுவும் இருக்காது. என் தோழிகள் கேட்டவை இன்னும் நினைவிருக்கின்றன: "முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பு எத்தனை நாளில் அறுந்தது?", "கன்னடத்தில் ஆட்டோக்காரரிடம் இவள் சொன்ன முதல் வாக்கியம் எது?" மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே பதில்களைக் குரல் பதிவாக வாங்கி வைத்து, நான் சொன்னவற்றோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள், வயிறு வலிக்கச் சிரித்தோம்.

படங்களுக்கு ஒரே வழி, ஒருத்தியின் போனில் மட்டும் எடுத்து, முதலில் மணப்பெண்ணுக்கு அனுப்புவது. எதை வெளியிடுவது என்று அவள் முடிவு செய்யட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடும் என்று நம்பவே கூடாது. யாரேனும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் அது குடும்பக் குழுக்களில் சுற்றும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக மணப்பெண்ணிடமே நேரில் கேளுங்கள்: எது வேண்டும், எது வேண்டாம்? விருந்து அவளுக்கு வியப்பாக இருக்க வேண்டுமென்று பலர் இதைக் கேட்பதே இல்லை. உங்கள் தோழிக்கோ விருந்து நடப்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அல்சூர்க்காரி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விருந்து நடப்பது அவளுக்குத் தெரியும். இன்று மதிய உணவின்போது அவளிடமே கேட்டேன். இரவு தங்குவது அவளுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் வீடியோ வெளியே போய்விடுமோ என்று அவளும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். ஏற்பாடு செய்பவள் வருத்தப்படக் கூடாதென்று வாய் திறக்கவில்லை. அவள் சம்மதத்தோடு நான் ஏற்பாடு செய்பவளை அழைத்துப் பேசினேன். ஒரே போன் என்பதற்கு உடனே ஒப்புக்கொண்டாள். பழைய காதலைப் பற்றிய கேள்வியையும் எடுத்துவிட்டாள். நான் உணவுக்கு மட்டும் 1,800 ரூபாய் தருகிறேன், இன்னொரு தோழியோடு இரவே திரும்பிவிடுகிறேன். மருதாணியைச் செவ்வாய் மாலைக்கு மாற்றும்படியும் சொல்லியிருக்கிறேன். திருச்சியில் நம்பிக்கையாக இட்டுவிடுகிறவர் யாரையேனும் தெரிந்தால் மல்லேசுவரத்து அம்மா தெரிவிக்க வேண்டும்.

மல்லேசுவரத்து அம்மா

திருச்சியில் எனக்கு யாரையும் தெரியாது, அம்மா. மருதாணி இலை கிடைத்தால் பெண்ணின் அத்தையையே அரைத்து இடச் சொல்லுங்கள். கோலம் நுணுக்கமாக வராது, நிறம் நன்றாகப் பிடிக்கும்.